எட்ட நின்று எடுக்கிற லென்ஸ்

ரவூஃப் இரண்டு லென்ஸையும் கறுப்பு வெல்வெட் துணியின் மேல் அடுத்தடுத்து வைத்துவிட்டு, "நிதானமா பாருங்க மேடம், ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிப் பில் போடுகிற மேசைக்குப் போய்விட்டார். அவசரமில்லை என்று விற்கிறவர் சொல்லலாம். வாங்குகிறவளுக்குத்தான் வருகிற வியாழக்கிழமை கும்பகோணத்தில் மகள் கல்யாணம். இந்திராணி இரண்டையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தைந்து எம்.எம். குட்டையாக, கழுத்தே இல்லாத மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தது. நூற்றுமுப்பத்தைந்து அதைவிட ஒரு பிடி உயரம், கனமும் அதிகம். இரண்டும் முகம் எடுப்பதற்கென்றே செய்தவை, இரண்டிலும் ஜூம் கிடையாது. திருகித் திருகி ஆளைக் கிட்டே இழுக்கவும் முடியாது, எட்டத் தள்ளவும் முடியாது. முகம் பெரிதாக வேண்டுமா, நடந்து கிட்டே போ. சிறிதாக வேண்டுமா, பின்னால் வா. இந்தத் தொழிலில் கால்தான் ஜூம் என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு பெண்ணின் முகமும் கழுத்தும் மட்டும் நிறைகிற மாதிரி எடுக்க எண்பத்தைந்தில் மணவறைப் படியேறி நிற்க வேண்டும், ஹோமப் புகை கண்ணில் படும், வளையல் சத்தம் கேட்கும். நூற்றுமுப்பத்தைந்து என்றால் மேடையை விட்டு இறங்கிவிடலாம், தூண் ஓரமாகப் போய் நின்றுகொள்ளலாம், மார்பளவுக்குப் பெண் வந்துவிடுவாள். ஜூம் ஒன்றை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, எங்கே நிற்பது என்பதைக் கடைசி நிமிடம் வரை ஒத்திப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஒத்திப் போடக் கூடாது, கடையிலேயே முடிவு செய்துவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறும்போது நினைத்துக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்த பிறகு கை ஒன்றின் பக்கமும் போகவில்லை.

எட்ட நின்று எடுக்கிற லென்ஸ். தாரிணி சொன்ன சொல் அது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து போனில் சொன்னாள். நேரில் சொல்லியிருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் போனோ என்னவோ. முதலில் ரவிக்கைக் கை கொஞ்சம் இறுக்கமாக இருப்பதைச் சொன்னாள், பிறகு ஆபீஸில் லீவு கொடுக்க மூக்கால் அழுவதைச் சொன்னாள், பிறகு, "அம்மா, தப்பா எடுத்துக்காத. அவங்க அத்தை சொல்றாங்களாம், தாலி கட்ற நேரத்துக்கு மேடையில சுமங்கலிங்க மட்டும் இருக்கட்டும்னு. இவரு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டாரு. தனசேகர் சித்தப்பாவும் புனிதா சித்தியும் தாரை வார்த்துடுவாங்க. நீ எப்படியும் போட்டோ எடுத்துட்டுத்தானே இருப்ப? எட்ட நின்னு எடுக்கற லென்ஸ் இருக்குல்லம்மா, அதை வெச்சு எடுத்துக்கோயேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். இந்திராணி "சரிடி" என்றாள். காய்காரன் கொத்தமல்லி இல்லை என்று சொன்னால் சரிப்பா என்று சொல்வோமே, அப்படி ஒரு சரி. அந்தச் சரியை எவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்பதுதான் அன்றிலிருந்து நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் குத்துகிறது. ஒரு நொடி தாமதித்திருந்தால் தாரிணி, வேண்டாம்மா, நீ வா, நான் பாத்துக்கறேன் என்று சொல்லியிருப்பாளோ. சொல்லியிருக்க மாட்டாளோ. அது தெரிய வேண்டாம் என்றுதான் சரியை அவ்வளவு அவசரமாகச் சொன்னாளோ. மாப்பிள்ளையின் அந்த அத்தையும் கெட்டவள் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று, "மாத்திரை போடுற நேரமாச்சே உங்களுக்கு" என்று தேடி வந்து வெந்நீர் கொடுத்தவள். அதுதான் சங்கடம். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எட்ட நின்று எடுக்கிற லென்ஸ் என்று ஒன்று இந்திராணியிடம் இருந்ததே இல்லை. தாரிணிக்கு அது தெரியாதா? கேமரா பையைத் தலையணையாக வைத்துத் தூங்கி வளர்ந்த பிள்ளை. எந்த உறையில் எது இருக்கிறது என்று இருட்டில் தடவிச் சொல்லுவாள். இந்திராணி எடுத்ததெல்லாம் ஐம்பதிலும் முப்பத்தைந்திலும்தான், ஆளின் மூக்குக்கு எதிரே நின்றுகொண்டு, பேசிக்கொண்டே. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில், பல் விழுந்த வாயைக் கையால் மூடிக்கொண்ட தாரிணியை எடுக்கும்போது, "பல்லைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா, கொடு பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே கையை இறக்க வைத்தாள். தேங்காய் எண்ணெயும் பென்சில் சீவலும் கலந்த ஒரு வாசனை அந்தத் தலையில் இருக்கும். அந்தப் படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் வாசனை வரும். இந்த நூற்றுமுப்பத்தைந்தில் வாசனை எங்கிருந்து வரும்? கடையின் ஏசி காற்று முழங்காலில் பட்டது. வெளியே மலைக்கோட்டைப் பக்கம் போகிற பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கிட்ட உறவு முட்டப் பகை என்பார்கள். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். எட்ட நிற்கச் சொல்வதற்கு எத்தனை பழமொழி வைத்திருக்கிறார்கள். கிட்டே வா என்பதற்கு ஒன்றாவது உண்டா என்று யோசித்தாள், ஒன்றும் வரவில்லை.

ஊரான் வீட்டுக் கல்யாணங்களில் அவளை யாரும் எட்ட நிற்கச் சொன்னதில்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் வரைக்கும் எத்தனை மணவறை. கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டுகிற நேரத்தில் பெண்ணுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது பெற்றவளா, நாத்தனாரா? இந்திராணிதான். மாலை மேலே பட்டிருக்கிறது, அட்சதை முதலில் விழுந்தது அவள் தலையில். அவளுடைய வெறும் கழுத்தை யாரும் பார்த்ததில்லை, கேமரா வார்தான் தெரியும். கேமராக்காரிக்குப் பூ இருக்கிறதா, பொட்டு இருக்கிறதா என்று எவர் பார்க்கப் போகிறார்? எப்போதாவது ஒரு பெரியவர் சாப்பிடும்போது, "வீட்டுக்காரர் என்னம்மா பண்றாரு?" என்பார். "பொன்மலை ஒர்க்ஷாப்ல இருக்காருங்க" என்பாள். முதல் தடவை நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது, மனோகரன் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்புறம் அதுவே வசதியாகப் போய்விட்டது. நல்ல நாளும் அதுவுமாக யார் வீட்டிலும் முகம் சுளிக்க வேண்டாமே. சிலர் கூடுதலாகக் கேட்பார்கள், அவளும் கூடுதலாகச் சொல்வாள், நைட் ஷிஃப்ட், முழங்கால் வலி, ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம். இப்படியே ஊரார் கல்யாணங்களில் எல்லாம் மனோகரன் உயிரோடு இருந்தார், வயசும் ஏறியது, மூட்டு வலியும் வந்தது. சொந்த மகள் கல்யாணத்தில்தான் செத்துப்போனார். இந்த நினைப்பு வந்ததும் இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து கண்ணாடிக் கதவருகே இருந்த தண்ணீர் கேனில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள்.

"போட்டுப் பாத்துடுங்க மேடம். மாட்டினாத்தானே தெரியும்" என்று ரவூஃப் வந்தார். அவளுடைய கேமராவை வாங்கி எண்பத்தைந்தை மாட்டிக் கொடுத்தார், தானே மேசைக்கு எதிரே போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். நல்ல மனிதர், நரைத்த தாடி, மூக்கின் மேல் கண்ணாடி போட்ட தழும்பு. இந்திராணி கண்ணை வைத்தாள். அவருடைய இமை மயிர் ஒவ்வொன்றாக வந்து நின்றது, காதுக்குப் பின்னால் கடை முழுக்கக் கரைந்து போயிற்று. "அம்மாவே போட்டோகிராபர். கொடுத்து வெச்ச பொண்ணு மேடம் உங்க பொண்ணு" என்றார் அவர். சொல்லும்போது முகத்தில் ஒரு இளக்கம் வந்தது, அதை எடுத்தாள். கேமரா மறைக்காத அவளுடைய இன்னொரு கண்ணையும் நெற்றியையும் பார்த்துக்கொண்டே பேசினார், அதனால்தான் அந்த இளக்கம். எண்பத்தைந்து நல்ல லென்ஸ். கொடுத்து வைத்த பெண். பெண் கொடுத்து வைத்தவள்தான், அம்மா எதைக் கொடுக்காமல் விட்டாள்? பதினாலு வயதுத் தாரிணியிடம் ஒரு நாள் சத்தியமே செய்து கொடுத்திருந்தாள். அது லால்குடிக் கல்யாணம் ஒன்றை முடித்துவிட்டு வந்த நாள்.

அதை நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தாள், ஆனால் மனசு என்ன சொன்னபடி கேட்கிற மாடா? தாலி ஏறும்போது எல்லாப் பெண்ணும் தலையைக் குனிந்திருக்கும். மூன்று முடிச்சும் விழுந்து, பூவும் அரிசியும் விழுந்து முடிந்த பிறகு மெதுவாக நிமிரும். நிமிர்ந்ததும் முதலில் பார்ப்பது மாப்பிள்ளையை இல்லை. அம்மாவை. தேடும், கூட்டத்தில் கண் ஒரு சுற்றுச் சுற்றும், கண்டுபிடித்ததும் ஒரு நிமிஷம் சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிடும், அப்புறம் பெரிய மனுஷியாகிவிடும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இந்திராணி எல்லாக் கல்யாணத்திலும் காத்திருப்பாள், மற்றவர்கள் முடிச்சைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் பெண்ணின் முகத்திலேயே கேமராவை நிறுத்தியிருப்பாள். அந்தப் பார்வை எப்போதும் அவள் தோளைத் தாண்டிப் போகும், ஏனென்றால் அது கேமராக்காரிக்கானது இல்லை. லால்குடிப் பெண்ணின் கண் சுற்றிச் சுற்றி வந்தது, கிடைக்கவில்லை, மறுபடி சுற்றியது, கடைசியில் எங்கேயோ போய் நின்றது. இந்திராணி எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பந்திக் கூடத்துக் கதவிடுக்கில் வெளிர் சேலை கட்டிய ஒரு அம்மாள், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, பாதி முகம் மட்டும் தெரிய நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து தாரிணியிடம் அந்தப் படத்தைக் காட்டி, "உன் கல்யாணத்துல நான் மேடையிலேயேதான்டி நிப்பேன். கேமராக்காரியை எவன் இறங்குன்னு சொல்றது?" என்றாள். தாரிணி சிரித்தாள். "நீ எடுத்தா நான் யாரைப் பாக்கறது?" என்று கேட்டாள். அன்றைக்கு அது விளையாட்டுக் கேள்வி.

"இப்ப பெருசைப் பாக்கலாமா மேடம்?" லென்ஸை மாற்றிக் கொடுத்தார். நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது மூக்கும் கண்ணாடித் தழும்பும்தான் தெரிந்தன. இந்திராணி ஒரு அடி பின்னால் போனாள், இன்னும் மோவாய் வரவில்லை. இன்னொரு அடி. கேமரா முக்காலிகள் அடுக்கிய இடத்தைத் தாண்டி, பேட்டரி தொங்குகிற சுவரைத் தாண்டி, முதுகில் கண்ணாடிக் கதவு முட்டுகிற வரை போனாள். பின்னால் போகப் போக ரவூஃப் சரியாகிக்கொண்டே வந்தார். கதவு முட்டியபோது மார்பளவு வந்து நின்றார், அப்படியொரு அழகு, முகம் தட்டையாகாமல் உப்பாமல், பின்னாலிருந்த கடை முழுக்க எண்ணெயில் கரைந்த மஞ்சள் மாதிரி. எட்டப் போனால் இவ்வளவு நன்றாகவா இருக்கும் ஒரு முகம் என்று கோபம்கூட வந்தது. தாரிணியும் இப்படித்தான் தெரிவாள், நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, புதுத் தாலியின் மஞ்சள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி. மாதிரி. ரவூஃப் கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டினார், சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு ஒட்டவில்லை. "எங்க பாக்கறது மேடம்? உங்க மூஞ்சியே தெரியலையே, லென்ஸ்தான் தெரியுது" என்றார்.

இந்திராணி கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் அவர் முகத்தைப் பார்த்துவிடுவார். நீ எடுத்தா நான் யாரைப் பாக்கறது. பன்னிரண்டு பதிமூன்று வருஷம் கழித்து அந்தக் கேள்வி கடையின் அந்தக் கோடியிலிருந்து தாடி வைத்துக்கொண்டு வருகிறது. குனிந்த தலை நிமிரும், கண் சுற்றும், மேடையில் புனிதா இருப்பாள், பட்டுச் சேலையும் தாம்பாளமுமாக, அம்மா இருக்க வேண்டிய இடத்தில். அங்கே இல்லை என்று தெரிந்து கீழே தேடும், தூணுக்குத் தூண் தாவும், கடைசியில் வந்து நிற்கும், எதன் மேல்? கொட்டாங்குச்சி அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியின் மேல். இத்தனை வருஷமும் தோளைத் தாண்டிப் போன பார்வை முதல் தடவையாக நேரே லென்ஸுக்குள் வரும், அதற்குப் பின்னால் அம்மாவின் முகம் இருக்காது. லால்குடி அம்மாள் பாதி முகமாவது கொடுத்தாள். வேண்டாம், இந்தப் படமே வேண்டாம், படம் இல்லாமல் எத்தனை பேர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூர் போட்டோக்காரர்களைப் பேசியிருக்கிறார்கள், அவர்கள் ட்ரோன்கூட விடுகிறார்களாம். பையில் போன் அதிர்ந்தது. தாரிணி.

"லென்ஸ் வாங்கிட்டியாம்மா?" பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது, ரவிக்கைக் கையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள் போல. இந்திராணி கதவுக்கு வெளியே, மாடிப்படி முனையில் வந்து நின்றாள். "இல்லடி. யோசிச்சேன். நான் கேமரா எடுத்துட்டு வரல. சும்மா வரேன், அம்மாவா." மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "அப்ப எங்கம்மா நிப்ப?" என்றாள் தாரிணி. சட்டென்று வந்துவிட்டது அது, வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே காதில் பட்டிருக்க வேண்டும், "இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று இழுத்தாள். மெஷினும் நின்றுவிட்டது. இந்திராணிக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. கையில் கேமரா இருந்தால் மண்டபத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேமரா இல்லாவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்தால் பெண்ணின் அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறாளே என்பார்கள், எழுந்து நின்றால் ஏன் நிற்கிறாள் என்பார்கள், மேடைப் பக்கம் ஒரு அடி வைத்தால் அந்த அத்தை வெந்நீர் டம்ளரோடு வந்துவிடுவாள், பாவம். தலைக்கு மேலே வெள்ளம் போனால் ஜாண் என்ன முழம் என்ன. "அழுவறியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றாள் தாரிணி, அழுதுகொண்டு. "ரவிக்கையைச் சரியா பிரிக்கச் சொல்லு. ரொம்ப லூசாக்கிடப் போறான்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

படியில் கொஞ்ச நேரம் நின்றாள். கீழே கரும்புச்சாறு வண்டியின் மணி கிலுங்கிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள், கல்யாண வீட்டில் வருவதைவிட இங்கே வந்து தொலையட்டும். மனோகரன் மேல் வந்தது முதலில், ஒரு மனுஷன் இப்படியா அல்பாயுசில் போவது என்று. பிறகு தன் மேலேயே வந்தது, அந்தச் சரிடிக்காக. பிறகு யார் மேலும் இல்லாமல் வெறுமனே வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைத் திறந்ததும் பின்வாங்கும்போது தாண்டிப் போன அந்த முக்காலிகள் கண்ணில் பட்டன, கால்களை மடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரவூஃப் பாய், அதுல ஒண்ணு எடுங்க, என் உயரத்துக்கு வர்ற மாதிரி. ரிமோட்டும் வேணும்." அவர் புருவத்தைத் தூக்கினார். "கல்யாணத்துக்கு ட்ரைபாடா மேடம்? கூட்டத்துல எவனாவது இடிச்சுத் தள்ளிடுவானே." "நான் நிக்கிற இடத்துல கூட்டம் இருக்காது" என்றாள் இந்திராணி.

அவர் முக்காலியின் கால்களை விரித்துக் கதவோரம் நிறுத்தி, நூற்றுமுப்பத்தைந்தோடு கேமராவை அதன் தலையில் பூட்டினார். பூட்டிக்கொண்டிருக்கும்போது அவள் போனை எடுத்து மகளுக்கு எழுதினாள். போன வாரம் மண்டபம் பார்க்கப் போனபோதே நிற்க ஒரு இடத்தை மனசு குறித்து வைத்திருந்தது, அதுவும் இப்போதுதான் தெரிந்தது. "இடது பக்கம், மூணாவது தூண், அங்கதான் நிப்பேன், நிமிர்ந்ததும் அங்க பாரு." அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின. தாரிணி எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றுவிட்டது, மறுபடி காட்டியது, நின்றுவிட்டது. பார்ப்பாளா? பழக்கத்தில் பக்கத்திலிருக்கும் சித்தியைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வாளா? அந்த அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று கண்ணைத் தாழ்த்திக்கொள்வாளா? பார்த்தால், படத்தில் பெண்ணின் பார்வை கேமராவுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கேயோ போயிருக்கும். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் எல்லாம் நல்லா இருக்கு, இது ஒண்ணுதான் பொண்ணு கேமராவைப் பாக்கல என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். "ரெடி மேடம்" என்று ரவூஃப் அந்தக் கோடிக்குப் போய் நின்றார். இந்திராணி முக்காலிக்குப் பக்கத்தில், லென்ஸுக்கு வலப்புறமாக, ரிமோட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷத்தில் கேமராவுக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "இப்ப எங்க மேடம் பாக்கணும், லென்ஸையா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல. என்னைப் பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள், பொத்தானை அழுத்த மறந்து.